மிதக்கும் தரை ஏன் தூக்குகிறது?

'வுடன் ஃப்ளோரிங்' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது லேமினேட்தான். பலகையின் நடுப்பகுதி எச்.டி.எஃப், மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது. ஈரம் ஏறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் இதைத் தரையோடு ஒட்டுவதில்லை, ஆணியும் அடிப்பதில்லை. பலகைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, ஃபோம் ஷீட் மேல் ஒரே பாய் மாதிரி கிடக்கும். சுவரோரம் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் போட்டு மறைப்பார்கள்.

அந்த இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு. 4 மீட்டர் அகல அறை. தரை இரண்டு பக்கமும் சுவரில் முட்டியபின், மேற்கொண்டு 2 மி.மீ. விரிகிறது. நடுவில் கூடாரம் மாதிரி எழுந்தால், பாதி அகலம் 2000, சாய்வுப் பக்கம் 2001. பிதாகரஸ் தேற்றப்படி உயரம் சுமார் 63 மி.மீ.! நிஜத்தில் பலகையின் எடை அமுக்குவதால் இவ்வளவு வராது. ஆனாலும் 2 மி.மீ. விரிவு பெரிய மேடாக ஏன் தெரிகிறது என்பது புரியும். இதே கணக்கு நமக்குச் சாதகமும்கூட: ஓரத்தில் சில மி.மீ. வெட்டினாலே மேடு இறங்கிவிடும். முழுத் தரையையும் பெயர்க்க வேண்டியதில்லை.

மேட்டின் மேல் ஸ்க்ரூ அடித்து அமுக்குவது மட்டும் வேண்டாம். விரிவு வேறு இடத்தில் கிளம்பும். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். கதவு நிலையடி, தரையில் துளைபோட்டு மாட்டிய டோர் ஸ்டாப்பர், பலகையோடு சேர்த்து ஸ்க்ரூ அடித்த அலமாரி ஆகியவற்றையும் பாருங்கள். முட்டும் இடத்தை மல்ட்டி கட்டரால் வெட்டி, மரத்தூளை எடுத்துவிட்டு ஓரிரு நாள் விடுங்கள். ஸ்கர்ட்டிங்கைத் திரும்பப் பொருத்தும்போது சுவரில்தான் பிடிக்க வேண்டும், பலகையில் அல்ல.

அடுத்து கிறீச் சத்தம். முட்டல் சரியானபின்னும் சத்தம் வந்தால், அந்த இடத்தில் காலை அழுத்திப் பாருங்கள். பலகை அமுங்கினால் அடியில் பள்ளம். 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருக்கக்கூடாது என்பது பொதுவான அளவு. பக்கத்துச் சுவரிலிருந்து பலகைகளுக்கு நம்பர் போட்டுக் கழற்றி, பள்ளத்தை லெவலிங் கலவையால் நிரப்பி, நன்றாகக் காயவிட்டு மறுபடி மாட்டலாம். ஃபோமை இரட்டையாகப் போட்டால் பலகை இன்னும் ஆடும், பூட்டு உடையும். அமுங்காமல் சத்தம் மட்டும் வந்தால் பூட்டு உரசுகிறது; இணைப்பில் டால்கம் பவுடரைத் தூரிகையால் தள்ளிவிட்டால் கொஞ்ச நாள் அடங்கும்.

பலகையின் ஓரம் மட்டும் உப்பியிருந்தால் அது தண்ணீர் வேலை. உப்பிய எச்.டி.எஃப் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, பலகையை மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் ஏசி டிரெய்ன் பைப், பாத்ரூம் வாசல், தினமும் சொட்டச் சொட்டப் போடும் மாப் இவற்றில் எது காரணம் என்று கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் புதுப் பலகையும் உப்பும்.