மசோதாவுக்கு யார் கெடு வைப்பது?

சென்னைக் கோட்டையில் சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதா கிண்டி ஆளுநர் மாளிகைக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரம் போதும். கையெழுத்தோடு திரும்பி வருவது எப்போது என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது.

இணையவழிச் சூதாட்டத் தடை மசோதா 2022 அக்டோபர் 19 அன்று நிறைவேறியது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து, கடன்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்த நேரம் அது. மசோதா கிடப்பில் கிடந்தபோதே, அதற்கு முன்பு கொண்டுவரப்பட்ட அவசரச் சட்டமும் நவம்பரில் காலாவதியானது. நான்கு மாதங்களுக்கு மேல் கழித்து, இப்படிச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஆளுநர் ஆர்.என்.ரவி திருப்பி அனுப்பினார். 2023 மார்ச் 23 அன்று பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர்கள் ஒப்புதல் அளிக்கக் காலக்கெடு வேண்டும் என்று ஏப்ரல் 10 அன்று பேரவையில் தீர்மானம் நிறைவேறியது. ஒப்புதல் அன்றைக்கே வந்தது!

அரசமைப்புச் சட்டத்தின் 200ஆவது கூறு என்ன சொல்கிறது? மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்புவதானால் ‘இயன்ற விரைவில்’ அனுப்ப வேண்டும். பேரவை மறுபடியும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்க முடியாது. அந்த ‘இயன்ற விரைவில்’ என்பதற்கு எத்தனை நாள் என்று எழுதிவைக்காததில்தான் இத்தனை வழக்குகளும் முளைத்தன.

2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை அனுப்பப்பட்ட 12 மசோதாக்கள் தேங்கின. பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன அதிகாரம் தொடர்பானவை. அதிமுக ஆட்சியில் நிறைவேறிய மசோதாக்களும் இவற்றில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். இது ஒரு கட்சியின் தனிப்பட்ட சண்டை இல்லை. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 2023 நவம்பர் 13 அன்று 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஐந்தே நாளில், நவம்பர் 18 அன்று, சிறப்புக் கூட்டம் கூட்டிப் பேரவை அந்த 10 மசோதாக்களையும் திரும்ப நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று அவை அனைத்தையும் ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

அது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. ஆளுநருக்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதங்கள் என்று கெடுவும் விதித்தது. 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்பட்டன. ஆளுநரின் கையெழுத்து இல்லாமல், நீதிமன்ற உத்தரவின் பேரில் அவை அரசிதழில் வெளியாயின.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மே 13 அன்று குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை எழுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20 அன்று பதில் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் செல்லாது. மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் ஆளுநர் முடக்கிவைக்கக் கூடாது என்றும், காரணமின்றி நெடுங்காலம் முடிவெடுக்காமல் இருந்தால் நீதிமன்றம் தலையிட்டு முடிவெடுக்கச் சொல்லலாம் என்றும் கூறியது. இது ஓரளவுக்கு ஆறுதல். ஆனால் ‘நெடுங்காலம்’ என்பது எத்தனை மாதம்? ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு மாநிலம் டெல்லிக்குப் போய் வழக்காட வேண்டுமா?

அரசமைப்பில் கெடுவே கிடையாது என்றும் சொல்ல முடியாது. 201ஆவது கூறைப் புரட்டிப் பாருங்கள். குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பச் சொல்லும் மசோதாவைச் சட்டமன்றம் ஆறு மாதங்களுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்கு ஆறு மாதக் கெடு. ஒன்றிய அரசின் பரிந்துரையில் நியமிக்கப்பட்டவருக்கு எந்தக் கெடுவும் இல்லை. ஆளுநர் ஆறு மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று புஞ்சி ஆணையம் 2010இலேயே பரிந்துரைத்தது. ஒன்றியத்தில் அப்போது இருந்தது காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. அந்த ஆட்சியும் இதைச் செய்யவில்லை.

இந்த இழுபறியின் விலையைக் கொடுப்பவர்கள் மாணவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. இரண்டு ஆண்டுகள் தாண்டியும் நிரப்பப்படவில்லை. பேராசிரியர் நியமனம் முதல் பட்டச் சான்றிதழ் வரை, பொறுப்பேற்க ஒரு தலைவர் இல்லாமல் பழம்பெரும் கல்வி நிறுவனம் ஒன்று தள்ளாடியது.

மாநில உரிமையைப் பேசுவோர் உள்ளூரையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் 27 மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகள் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் உரிய நேரத்தில் நடக்காததால் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. டெல்லியிடம் நாம் கேட்கும் நியாயத்தைக் கிராமங்களுக்குக் கோட்டை மறுப்பது தவறு.

ஆளுநருக்கான கெடுவை அரசமைப்பில் எழுத நாடாளுமன்றத்தால் முடியும். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேரும், மாநிலங்களவையில் 18 பேரும் இருக்கிறார்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும், 200, 201ஆவது கூறுகளைத் திருத்த அவர் குரல் கொடுப்பாரா என்று அடுத்த முறை ஊருக்கு வரும்போது கேளுங்கள்.