தண்டவாளத்தில் ஓடும் ரம்பம்

வட்ட ரம்பத்தைக் கையால் தள்ளி ஒட்டுப்பலகையை அறுத்தால் அது கோட்டைவிட்டு விலகக்கூடும். பலகைமேல் ஓர் அலுமினியத் தண்டவாளத்தை வைத்து, அதன்மேல் ரம்பத்தை ஓட்டினால்? வெட்டு நேராக அமையும். மின்கலத்தால் இயங்கும் ரம்பமாயின் கம்பியும் வேண்டாம்.

வாங்குமுன் ஒரு கணக்கு. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி மின்கலத்தின் ஆற்றல் 18 × 5 = 90 வாட்-மணி. ரம்பம் 900 வாட் இழுத்தால் 6 நிமிடந்தான் தொடர்ந்து ஓடும்! இரு கலங்களைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட். அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும்; மின்தடை மாறாவிடில் வெப்ப இழப்பு கால் பங்காகும்.

160 மி.மீ. விட்டமுள்ள தகடு நிமிடத்திற்கு 5000 முறை சுழன்றால், பற்களின் வேகம் மணிக்குச் சுமார் 150 கி.மீ.!

ஆபத்து இங்கேதான். பலகையின் இரு முனைகளை மட்டும் தாங்கினால், அறுக்க அறுக்க நடுப்பகுதி தொய்யும். வெட்டுவாய் நெருங்கித் தகட்டைக் கவ்வும். பல் மரத்தைத் தள்ள, மரம் பல்லைத் திருப்பித் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி! ரம்பம் இயக்குபவரை நோக்கி எகிறும். ஆகவே வெட்டுக்கோட்டின் இருபுறமும் பலகையை முழுநீளம் தாங்கவேண்டும். பற்கள் பலகைக்கு அடியில் சில மி.மீ. மட்டும் நீளட்டும். ரம்பத்திற்கு நேர் பின்னால் நிற்கலாகாது. தகட்டை மாற்றுமுன் மின்கலத்தைக் கழற்றவேண்டும்.

பழைய ரப்பர்ச் செருப்புத் துண்டின் மேற்புறத்தில் ஒரு கீறல் போடுங்கள். இரு முனைகளையும் தாங்கி, கீறலுக்கு அருகே அழுத்துங்கள். வாய் மூடுகிறதா? ரம்பத்தைத் தொடாமலே அதன் ஆபத்தைக் கண்டுகொண்டீர்கள்!