இரண்டு முறை வெந்த பாறை

ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் பறந்தது என்ற பேச்சைக் கேட்காத ஊர் எங்கள் கொங்குப் பக்கம் குறைவு. ‘இன்னும் கீழே போனா தண்ணி இருக்கும்’ என்று நம்பித்தான் கடன் வாங்குகிறோம். அந்தப் பாறை எப்படி உருவானது என்று தெரிந்தால் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும்.

நாமக்கல், கரூர் பக்கம் கிணறு வெட்டிப் போட்ட கல்லைக் கையில் எடுத்துப் பாருங்க. பல கற்களில் வெளுப்பும் கறுப்புமாக வரிகள் ஓடும். சிலவற்றில் கருஞ்சிவப்பாகக் கார்னெட் மணிகள் பதிந்திருக்கும். அதெல்லாம் ஆழத்தில் வெந்து நசுங்கியதன் அடையாளம்.

இரண்டு நிலப்பரப்புகள் மோதும்போது மேலே மலை எழும்புகிறது. அடியில் இருக்கும் பாறை 25, 30 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்குகிறது. அங்கே 700, 800 டிகிரி சூடு. பாறை முழுசாக உருகாமலே அதன் கனிமங்கள் வேறு கனிமங்களாக மாறுகின்றன. சூளையில் வெந்த செங்கல்லாவது தண்ணீர் குடிக்கும். இது மலையின் பாரத்துக்கு அடியில் வெந்தது. துளை எல்லாம் அடைபட்டுப்போனது. கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீரும் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. சென்னைப் பல்லாவரத்துக் கருங்கல்லான சார்னோக்கைட் அப்படி வறண்ட பாறைதான்.

இது ஒருமுறை நடந்ததல்ல. சேலம், நீலகிரிப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்தவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது மதுரை, கொடைக்கானல் பக்கத்துப் பாறைகள் வெந்தன. பாலக்காட்டிலிருந்து காவிரி வரை நீளும் நடுப்பட்டையில் இரண்டு சூட்டின் தடயமும் இருக்கிறது. சிர்கான் என்ற நுண்மணியின் நடுப்பகுதி பழைய வயதையும் ஓரம் புதிய வயதையும் காட்டுவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மேலிருந்த மலை கோடிக்கணக்கான ஆண்டுகள் கரைந்து, அடியில் இருந்தது மேலே வந்தது. பாரம் குறைந்ததும் பாறையில் வெடிப்புகள் விட்டன. மழையும் வேரும் அதை உக்க வைத்தன. நம்ம தண்ணீர் இருப்பது அந்த உக்கிய அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான். ஆழம் போகப் போக வெடிப்பு பொதுவாகக் குறையும். ஆயிரம் அடியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை நம்பி வெள்ளாமை வைக்க முடியாது.

அதனால் நான் சொல்வது இதுதான். போர் லாரியைக் கூப்பிடும் முன் உங்கள் பழைய கிணற்றின் சுவரைப் பாருங்க. மண் எத்தனை அடி, உக்கிய பாறை எத்தனை அடி, கெட்டிப் பாறை எங்கே தொடங்குது, ஊற்று எந்த வெடிப்பில் வருது என்று குறிச்சு வையுங்க. அந்த உக்கிய அடுக்குதான் நம்ம தொட்டி. வரப்பை உயர்த்தி, மூடாக்குப் போட்டு, மழையை அதற்குள் இறக்குவோம்.

பயிருக்கு வேண்டிய சாம்பல் சத்தும் இந்தப் பாறையின் மைக்காவிலும் ஃபெல்ஸ்பாரிலும் பூட்டிக் கிடக்கிறது. வேர் சுரக்கும் அமிலமும் நுண்ணுயிரும் அதை மெல்ல அவிழ்த்துத் தரும். அதற்கு மண்ணில் ஈரமும் மக்கும் இருக்கணும்.