அலுமினியக் கலப்புலோக ஃபோர்ஜிங்

அலுமினியக் கலப்புலோக ஃபோர்ஜிங் என்பது, சூடேற்றி இளக்கிய, ஆனால் உருகாத நிலையில் உள்ள அலுமினியக் கலப்புலோகத்தைச் சம்மட்டி எந்திரத்தாலோ பிரஸ்ஸாலோ அழுத்தி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும் உற்பத்தி முறையாகும். விமானச் சக்கரம், காரின் சஸ்பென்ஷன் கை, எஞ்சின் பிஸ்டன், லாரிச் சக்கரம் போன்ற பாகங்கள் இம்முறையில் செய்யப்படுகின்றன. இவை எடை குறைவாகவும், இடைவிடாமல் மாறி மாறி வரும் சுமையைத் தாங்குவனவாகவும் இருக்க வேண்டும். கொல்லுப்பட்டறையில் இரும்பை அடித்து உருவாக்கும் தொழிலுக்கு இது உறவுடையது. எனினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு: அலுமினியம் தன் சூட்டை நிறத்தால் காட்டுவதில்லை. ஆகவே இத்தொழிலின் தரம் பெரும்பாலும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டையே சார்ந்துள்ளது.

வார்ப்பிலிருந்து வேறுபாடு

உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி உறையவிடுவது வார்ப்பு. உறையும்போது அலுமினியம் சுருங்குகிறது. அதில் கரைந்திருந்த ஹைட்ரஜன் வாயுவும் குமிழாகப் பிரிகிறது. இவற்றால் வார்ப்பின் உள்ளே நுண்துளைகள் உண்டாகலாம். சுமை திரும்பத் திரும்ப வரும்போது அத்துளைகளிலிருந்து விரிசல் தொடங்கும்.

ஃபோர்ஜிங்கில் கொடுக்கப்படும் அழுத்தம் இத்தகைய துளைகளை மூடிவிடுகிறது. மேலும், உலோகத்தின் நுண்படிகங்கள் உலோகம் பாயும் திசையில் நீண்டு, மரத்தின் நாரோட்டம் போன்ற ஓர் இழையோட்டத்தை உருவாக்குகின்றன. மரம் நார் ஓடும் திசையில் வலுவாகவும் குறுக்கே எளிதில் பிளப்பதாகவும் இருப்பதைப் போல, ஃபோர்ஜிங் பாகமும் இழையோட்டத்தின் திசையில் கூடுதல் வலிமையுடன் இருக்கும். எனவே முதன்மையான சுமை அத்திசையிலேயே விழுமாறு பாகமும் அச்சும் வடிவமைக்கப்படுகின்றன.

பயன்படும் கலப்புலோகங்கள்

கலப்புலோகங்கள் நான்கு இலக்க எண்களால் குறிக்கப்படுகின்றன. முதல் இலக்கம் முக்கியக் கலப்புத் தனிமத்தைச் சுட்டும்.

• 2014, 2618: செம்பு கலந்தவை. 2014 விமானப் பாகங்களிலும், சூட்டிலும் வலிமை குன்றாத 2618 பந்தய எஞ்சின் பிஸ்டன்களிலும் பயன்படுகின்றன.
• 4032: சுமார் 12 விழுக்காடு சிலிக்கான் கொண்டது. சூட்டில் குறைவாக விரிவடைவதால் பிஸ்டனுக்கு ஏற்றது.
• 6061, 6082: மக்னீசியமும் சிலிக்கானும் கலந்தவை. துருவேற்றத்தை நன்கு எதிர்ப்பவை. வாகன சஸ்பென்ஷன் பாகங்களில் 6082 மிகுதியாகப் பயன்படுகிறது.
• 7075: துத்தநாகம், மக்னீசியம், செம்பு கலந்தது. மிக உயர்ந்த வலிமையுடையது. விமானக் கட்டமைப்பில் முக்கிய இடம் பெற்றது.

செய்முறை

1. வார்த்த அல்லது எக்ஸ்ட்ரூஷன் முறையில் இழுத்த உருளைத் தண்டு தேவையான நீளத்துக்கு வெட்டப்படுகிறது.
2. உலையில் தண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையை அடையும்வரை சூடேற்றப்படுகிறது.
3. அச்சுகளும் சூடாக்கப்படுகின்றன. சூடான அலுமினியம் எஃகு அச்சில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால் கிராஃபைட் கலந்த மசகு தெளிக்கப்படுகிறது.
4. முதல் அச்சில் தோராய வடிவமும், இறுதி அச்சில் முழு வடிவமும் பெறப்படுகின்றன. மிகுதி உலோகம் இரு அச்சுகளுக்கும் இடையே ஃபிளாஷ் எனப்படும் மெல்லிய விளிம்பாகப் பிதுங்கும். அது பின்னர் வெட்டி நீக்கப்படுகிறது.
5. காஸ்டிக் சோடாக் கரைசலிலும், பிறகு நைட்ரிக் அமிலத்திலும் கழுவப்படுகிறது. இதனால் மேற்பரப்பு துலங்கி, மடிப்புகளும் விரிசல்களும் கண்ணுக்குத் தெரியவருகின்றன.
6. வெப்பப் பதனமும், தேவையான கடைசல் வேலையும், சோதனையும் நடைபெறுகின்றன.

நிறம் காட்டாத சூடு

எஃகை ஏறத்தாழ 1,100 முதல் 1,250 பாகை செல்சியஸில் அடிக்கிறார்கள். அந்தச் சூட்டில் அது மஞ்சளாக ஒளிரும். அனுபவமுள்ள கொல்லர் நிறத்தைப் பார்த்தே பதம் அறிவார். எந்தத் திடப்பொருளும் சுமார் 525 பாகையைக் கடந்த பிறகே கண்ணுக்குத் தெரியுமாறு ஒளிரத் தொடங்கும். 2014-க்கு 420 முதல் 460 பாகை வரையும், 6061-க்கு 430 முதல் 480 பாகை வரையும் ஏற்ற சூடாகும். அதாவது அடிப்பதற்குப் பக்குவமான அலுமினியத் தண்டு, பார்வைக்குக் குளிர்ந்த தண்டைப் போலவே இருக்கும்.

இந்த வெப்பநிலை இடைவெளி குறுகியது. சூடு குறைந்தால் உலோகம் அச்சின் மூலைகளை நிரப்பாது. விளிம்புகளில் விரிசல் விழும். சூடு கூடினால் சேதம் இன்னும் பெரிது. தூய அலுமினியம் 660 பாகையில் உருகினாலும், 7075 ஏறத்தாழ 477 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். அப்போது முதலில் இளகுவது நுண்படிகங்களின் எல்லைகள். தண்டு வெளியே முழுமையாகத் தெரியும்; உள்ளே அதன் பிணைப்பு கெட்டிருக்கும். இந்தச் சேதத்தை எந்தப் பதனத்தாலும் சீராக்க முடியாது.

உலையில் சூட்டைச் சரியாக வைத்தால் மட்டும் போதாது. வேகமாக அடிக்கும்போது உருக்குலைவின் ஆற்றல் வெப்பமாக மாறித் தண்டின் சூட்டை மேலும் உயர்த்தும். ஆகவே உயர்வலிமைக் கலப்புலோகங்களைச் சம்மட்டி எந்திரத்தைவிட மெதுவாக அழுத்தும் நீரழுத்தப் பிரஸ்ஸில் உருவாக்குவது பாதுகாப்பானது. ஆனால் மெதுவாக அழுத்தும்போது தண்டின் சூடு அச்சுக்குள் பாய்ந்துவிடும். அதைத் தடுக்க, நீரழுத்தப் பிரஸ்ஸின் அச்சுகள் ஏறத்தாழ 315 முதல் 430 பாகை வரை சூடாக வைக்கப்படுகின்றன. தொட்டு விலகும் சம்மட்டி அச்சுக்கு 95 முதல் 150 பாகையே போதும்.

வெப்பப் பதனம்

அச்சிலிருந்து வெளிவரும் பாகத்துக்குச் சரியான வடிவம் கிடைத்திருக்கும். முழு வலிமை கிடைத்திருக்காது. அதை வெப்பப் பதனமே தருகிறது. 6061 பாகத்தைச் சுமார் 530 பாகைக்குச் சூடாக்கினால் மக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்தில் கரைந்துவிடும். உடனே நீரில் அமிழ்த்தினால் அவை பிரிய நேரமின்றி உள்ளேயே சிறைப்படும். பிறகு 160 முதல் 180 பாகை வரையிலான சூட்டில் பல மணிநேரம் வைத்தால், அவை மிக நுண்ணிய துகள்களாகப் படிந்து உலோகம் எளிதில் வளையாதவாறு தடுக்கும். இதற்கு முதிர்வித்தல் என்று பெயர். இவ்வாறு பெறும் நிலை டி6 எனப்படும். பதனமின்றி மென்மையாக இருக்கும் 6061 சுமார் 55 மெகாபாஸ்கல் தகைவில் நிலையாக வளையத் தொடங்கும்; டி6 நிலையில் அது சுமார் 276 மெகாபாஸ்கல் வரை தாங்கும்.

இந்த நிகழ்வை ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்பிரட் வில்ம் 1906-இல் கண்டறிந்தார். செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியம், குளிர்வித்த சில நாள்களில் தானாகவே கடினமாவதை அவர் கவனித்தார். டியூராலுமின் என்னும் கலப்புலோகம் இதிலிருந்து பிறந்தது.

மிகுந்த வலிமையே எப்போதும் நல்லது என்பதில்லை. 7075 டி6 நிலையில் மிக வலுவானது. ஆனால் தடித்த பாகங்களில், இழையோட்டத்துக்குக் குறுக்கே இழுவிசை நிலைத்திருந்து ஈரமும் உப்பும் சேர்ந்தால், அது தகைவு அரிப்பு விரிசலுக்கு உள்ளாகலாம். ஆகவே அதைச் சற்று மிகையாக முதிர்வித்து டி73 நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். வலிமையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து நீடித்த உழைப்பைப் பெறும் ஏற்பாடு இது.

பேரழுத்திகள்

பெரிய விமானப் பாகங்களை ஒரே துண்டாகச் செய்யப் பேரளவு பிரஸ்கள் தேவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனி இத்துறையில் முன்னணியில் இருந்தது. போருக்குப் பின் அமெரிக்க விமானப்படை 1950-இல் பெரும் பிரஸ் திட்டத்தைத் தொடங்கி, பத்து எந்திரங்களை அமைத்தது. அவற்றுள் 50,000 டன் விசையுடைய இரண்டு ஃபோர்ஜிங் பிரஸ்கள் 1955-இல் இயங்கத் தொடங்கின. ஒன்று கிளீவ்லாந்திலும் மற்றொன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிராஃப்டனிலும் உள்ளன. சோவியத் ஒன்றியம் பின்னர் 75,000 டன் பிரஸ்களை நிறுவியது. நூற்றுக்கணக்கான ரிவெட்டுகளால் இணைக்கப்பட்ட விமானச் சட்டங்களின் இடத்தில் ஒற்றைத் துண்டுப் பாகங்கள் வர இவை வழிவகுத்தன.

குறைபாடுகளும் சோதனையும்

உலோகம் தன்மேல் மடிந்து அழுந்துவதால் வரும் மடிப்பு, அச்சு நிரம்பாமை, பதனத்தின்போது நுண்படிகங்கள் அளவுமீறி வளர்தல் ஆகியவை பொதுவான குறைபாடுகள். அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படாததால் எஃகுக்குப் பயன்படும் காந்தத்துகள் சோதனை இதற்கு உதவாது. மேற்பரப்பு விரிசலுக்குச் சாய ஊடுருவல் சோதனையும், உட்குறைக்கு மீயொலிச் சோதனையும் செய்யப்படுகின்றன.

பதனம் சரியாக நடந்ததா என்பதைக் கடினத்தன்மைச் சோதனையால் மட்டும் உறுதிசெய்ய இயலாது. போதாமல் முதிர்ந்த 7075-உம் மிகையாக முதிர்ந்த 7075-உம் ஒரே கடினத்தன்மையைக் காட்டக்கூடும். எனவே மின்கடத்துதிறனும் அளக்கப்படுகிறது; டி73 நிலைக்கு அது செம்பின் அளவில் குறைந்தது 38 விழுக்காடு இருக்க வேண்டும்.

நன்மைகளும் வரம்புகளும்

அலுமினியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எனவே ஒரே பாகத்தை எடை குறைத்துச் செய்ய முடிகிறது. மறுபுறம், அச்சுச் செலவு அதிகம். உட்குழிவுகள் நிறைந்த சிக்கலான வடிவங்களுக்கு வார்ப்பே ஏற்றது. ஃபோர்ஜிங் பாகத்தையும் உயர்ந்த சூட்டில் தொடர்ந்து பயன்படுத்தினால் அதன் முதிர்வு எல்லை மீறி வலிமை குன்றும். அதே காரணத்தால், வளைந்த அலுமினியச் சக்கரத்தையோ சஸ்பென்ஷன் கையையோ நெருப்பில் காட்டி நிமிர்த்துவது ஆபத்தானது. வடிவம் திரும்பிவிடும், வெப்பப் பதனம் தந்த வலிமை திரும்பாது, அந்த இழப்பு வெளியே தெரியவும் தெரியாது.