கடல் கடந்த உழைப்பும் கரை சேரும் பணமும்

பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் வாழ்வோர் 2024-இல் ஏறத்தாழ 30 கோடியே 40 லட்சம் பேர் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் கணக்கு. உலக மக்கள்தொகையில் இது நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அவர்களுள் பிற எந்நாட்டவரைக் காட்டிலும் இந்தியரே மிகுதி. ரிசர்வ் வங்கியின் மதிப்பீட்டின்படி 2023-24-இல் அவர்கள் தாயகத்துக்கு அனுப்பிய தொகை 11,870 கோடி டாலர். 2016-17-இல் இவ்வரவில் பாதியளவுக்கு நெருங்கியிருந்த வளைகுடா நாடுகளின் பங்கு, இன்று 38 விழுக்காடாகக் குறைந்துள்ளது. அமெரிக்காவே முதலிடத்தில் உள்ளது. ஆயினும் கட்டடத் தொழிலாளரும் ஓட்டுநரும் இன்றும் பெரிதும் நாடிச் செல்வது வளைகுடாவையே. அவர்தம் உழைப்பின் பயனை உடல்வலிமை மட்டுமன்றி, இரு நாட்டுச் சட்டங்களும் தீர்மானிக்கின்றன.

அங்குள்ள சட்டம்

வளைகுடாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் 'கஃபாலா' முறையில், தொழிலாளியின் தங்கும் உரிமை அவருடைய முதலாளியைச் சார்ந்தது. முதலாளியின் இசைவின்றி வேறு வேலைக்கு மாற இயலாது. கத்தார் 2020-இல் இந்த இசைவுக் கட்டாயத்தை நீக்கியது. எந்நாட்டவராயினும் மாதம் குறைந்தது 1,000 ரியால் அடிப்படை ஊதியம் என்றும் விதித்தது. எனவே செல்லும் நாட்டின் விதியை முன்னரே அறிந்துகொள்வது, ஊதியத் தொகையை அறிவதற்கு ஒப்பான தேவையாகும்.

இங்குள்ள சட்டம்

நம் நாட்டின் குடிபெயர்வுச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேரின் 10 லட்சம் ரூபாய் வழங்கும் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடும் உண்டு.

இவ்வரம்பை மீறிக் கேட்கப்படும் தொகைக்காகக் குடும்பங்கள் வட்டிக்குக் கடன் வாங்குவதை நாங்கள் அறிவோம். ஒன்றரை லட்சம் ரூபாயை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கினால், மாத வட்டி 4,500 ரூபாய். ஈராண்டு ஒப்பந்தக் காலத்தில் வட்டி மட்டுமே 1,08,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். முதலாளியை விட்டு விலக முடியாமற் செய்வது பல வேளைகளில் அங்குள்ள சட்டமன்று, இங்குள்ள கடனே.

பணம் வரும் வழி

வேலைக்காக வெளிநாடு செல்பவர் தம் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுதல் விதி. வெளிநாட்டு வருவாயை என்.ஆர்.இ. கணக்கில் சேர்க்கலாம், அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, விரும்பியபோது பணத்தை மீண்டும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் தடையில்லை. உண்டியல் வழியாக அனுப்புவது சட்டவிரோதம். பணம் வந்து சேராவிடில் முறையிட இடமுமில்லை.

ஆகவே புறப்படுமுன் ஒப்பந்தத்தின் ஒரு படி, காப்பீட்டுச் சான்று, முகவர் அளித்த ரசீது ஆகியவற்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். கணக்கில் வாரிசு நியமனத்தைப் பதிவு செய்யுங்கள். கடன் வாங்கும் எண்ணம் இருப்பின், கையொப்பமிடுமுன் வங்கிக் கிளைக்கு ஒருமுறை வந்து கணக்கிட்டுப் பாருங்கள். அந்த அரைமணி நேரம் ஈராண்டு உழைப்பைக் காக்கக்கூடும்.