கண்மாயும் கணினியும்

மதுரைச் சமவெளியில் கண்மாயின் அடிப்பழுதை நீர் வற்றிய கோடையிலேயே ஆராய்வர். கணினியின் சேமிப்புத் தட்டுக்கும் இந்நெறி பொருந்துமென யாம் கருதுகிறோம்.

மின்சாரம் திடீரென நின்று மீண்டபின், தட்டிலுள்ள கோப்பமைப்பைச் சோதித்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 5.0 அதனைப் பிற வேலைகளோடு பின்னணியிலேயே நிகழ்த்தத் தலைப்பட்டது. முதற்கண் அது தட்டின் அந்நேர நிலையைப் பதிந்துகொள்ளும். அவ்வமயம் தட்டில் எழுதும் வேலைகள் யாவும் காத்து நிற்பதால், பெருந்தட்டாயின் கணினியே உறைந்தாற்போல் தோன்றும்.

அப்பொழுது பதறி மின்சாரத்தை நிறுத்தின் பழுது மிகவும் கூடும். பின்னணிச் சோதனை, கேட்பாரற்றுக் கிடக்கும் இடங்களை மீட்குமேயன்றி ஆழ்ந்த சிதைவைத் தீர்க்காது. ஆதலின் உறைவு தொடருமாயின், ஒற்றைப் பயனர் நிலையிற் புகுந்து முழுச் சோதனையை முடித்து, அமைவுக் கோப்பிற் பின்னணிச் சோதனையை விலக்கி வைத்தல் நன்று. அரைநாழிகை காத்திருக்க அஞ்சி, ஆண்டெல்லாம் எழுதியதை இழப்பது அறிவுடைமையன்று.