விற்ற பிறகு தெரிந்த அருமை

தடுப்பாட்டக்காரரின் அருமை அவர் போன பிறகுதான் தெரியும். ஹாலந்தின் யாப் ஸ்டாம் விஷயத்தில் அதுதான் நடந்தது. 1998ல் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்த இந்த மொட்டைத்தலை மலை, மூன்றே சீசன்களில் மூன்று லீக் பட்டங்களையும் 1999ல் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தையும் வெல்ல உதவியது. 2001ல் அவரது சுயசரிதை சலசலப்பைக் கிளப்பியது. சில வாரங்களில் லாசியோவுக்கு விற்கப்பட்டார். அது தவறு என்று பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசனே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஸ்டாமோ லாசியோ, மிலான், அயாக்ஸ் என்று ஆடி, 2007ல் ஓய்வு பெற்றார். பிறகு பயிற்சியாளர் அவதாரம். 2017ல் இங்கிலாந்தின் ரெடிங் அணியைப் பிரிமியர் லீக் வாசல்வரை கொண்டுபோனார். பெனால்டியில் கதவு மூடிக்கொண்டது. 2019ல் ஃபெயனூர்ட் பொறுப்பேற்றார். அக்டோபரில் அயாக்ஸிடம் 0-4 தோல்வி, மறுநாளே ராஜினாமா. களத்தில் இறங்கித் தடுத்தவருக்கு, கோட்டுக்கு வெளியே நின்று தடுப்பது அத்தனை சுலபமாக இல்லை.